சமுதாய வானொலிக் கோபுரத்துக்கு இடம் தேர்வு செய்வது: முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் 50 வாட் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வைத்துச் சமுதாய வானொலி தொடங்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் கல்லூரிகளுக்கும் விவசாயிகள் அமைப்புகளுக்கும் இது. பெரிய நிலையங்களுக்கும் அடிப்படை ஒன்றுதான், எண்கள்தான் மாறும்.

புதிதாக வருபவர்கள் இந்த வேலையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் நிலம் முடிவாகிறது, அடுத்து கோபுரத்துக்கு விலைப்புள்ளி வாங்குகிறார்கள். ‘நம்ம ஊர்களுக்கு எட்டுமா?’ என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. கோபுரம் நட்ட பிறகு அதை நகர்த்த முடியாது. நகர்த்தினாலும் அனுமதிகளை முதலிலிருந்து வாங்க வேண்டும். அதனால் செலவில்லாமல் ஒரு இடத்தைத் தள்ளக்கூடிய சோதனைகள் முதலில், பணம் கேட்கும் சோதனைகள் கடைசியில். கீழே உள்ள வரிசை அப்படித்தான் அமைந்திருக்கிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. கூகுள் எர்த் புரோவும், சிக்னல் எங்கெங்கே எட்டும் என்று கணிக்கும் ரேடியோ மொபைல் மென்பொருளும் போட்ட ஒரு கணினி, இரண்டும் இலவசம். ஜிபிஎஸ் உள்ள கைப்பேசி, ஒரு காம்பஸ், பைனாகுலர், நூறடி டேப், கையடக்க எஃப்எம் ரேடியோ ஒன்று. அந்தப் பகுதியைப் பொழுதெல்லாம் சுற்றுகிற உள்ளூர்க்காரர் ஒருவரும் கூட வேண்டும். பால் சேகரிப்பவர், மின்வாரிய ஒயர்மேன் மாதிரி ஆட்கள் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

1. முதலில் கேட்பவர்கள், அப்புறம் இடம்

எந்தெந்த ஊர்களுக்காக இந்த வானொலி என்று பட்டியல் போடுங்கள். குக்கிராமம், காலனி, மலையடிவாரக் குடியிருப்பு எதையும் விடாதீர்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: கட்டாயம் கேட்க வேண்டும், கேட்டால் நல்லது, கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

எல்லா ஊருக்கும் ஒரே அளவு சிக்னல் தரும் இடம் அநேகமாக இருக்காது. இரண்டு இடங்களுக்கு நடுவே தடுமாறும்போது இந்தப் பட்டியல்தான் தீர்ப்புச் சொல்லும். அது இல்லாவிட்டால் கூட்டத்தில் யார் குரல் பெரிதோ அவர் சொன்ன இடம் முடிவாகிவிடும்.

மக்கள் எங்கே இருந்து கேட்பார்கள் என்பதையும் குறியுங்கள். வயலிலா, சமையலறையிலா, நெசவுக் கூடத்திலா? பாம்பனில் இருக்கும் கடல் ஓசை மீனவர்களுக்கான வானொலி. அப்படிப்பட்ட நிலையத்துக்குக் கேட்பவர்களில் ஒரு பங்கு கடல்மேல் இருப்பார்கள். அங்கே கோபுரத்துக்குக் கடல் பக்கம் திறந்திருக்க வேண்டும், ஊர்ப் பக்கம் கொஞ்சம் மறைந்தாலும் சமாளிக்கலாம். உள்நாட்டு நிலையத்துக்கு இந்தக் கணக்கே வேறு.

வரைபடத்தில் 10 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டு, ‘உள்ளே இருப்பதெல்லாம் நம்ம ஊர்’ என்று முடிவு கட்டுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. வட்டத்துக்குள் மலை இருப்பது வட்டத்துக்குத் தெரியாது.

2. விதிகள் போடும் வேலி

மத்திய அரசின் சமுதாய வானொலிக் கொள்கை சில எல்லைகளை வைத்திருக்கிறது. இவற்றுக்கு வெளியே இருக்கும் இடத்தை எவ்வளவு ஆராய்ந்தாலும் வீண்.

கல்வி நிறுவனமாக இருந்தால் டிரான்ஸ்மிட்டரும் ஆன்டெனாவும் முதன்மை வளாகத்துக்குள்தான் இருக்க வேண்டும். தொண்டு நிறுவனமானால், எந்தச் சமுதாயத்துக்காக நடத்துகிறீர்களோ அவர்கள் வாழும் பகுதிக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் அந்த ஊர்களின் பெயரோடு டிரான்ஸ்மிட்டர் இருக்கும் இடத்தையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆக, முப்பது கிலோமீட்டர் தள்ளி நல்ல மலை இருக்கிறதே என்று அங்கே போக முடியாது.

பயனுறு கதிர்வீச்சுத் திறன் (கேபிளில் இழந்தது போக, ஆன்டெனா குவித்து அனுப்புவதையும் சேர்த்த திறன்) பொதுவாக 100 வாட் வரை. நிலப்பரப்போ தேவையோ நியாயப்படுத்தினால் 250 வாட் வரை தனியாகப் பரிசீலிப்பார்கள். எதிர்பார்க்கும் எல்லை 5 முதல் 10 கிலோமீட்டர். ஆன்டெனாவின் உயரம் தரையிலிருந்து குறைந்தது 15 மீட்டர், அதிகபட்சம் 30 மீட்டர்.

இந்த 30 மீட்டரைப் பலர் மொட்டை மாடியிலிருந்து எண்ணுகிறார்கள். 12 மீட்டர் கட்டடத்தின் மேல் வைத்தால் கோபுரத்துக்கு மிஞ்சுவது 18 மீட்டர்தான். அதே சமயம் கணக்கு தரையிலிருந்து என்பதால், மேடான தரை கிடைத்தால் அது உங்களுக்கு இலாபம். 20 மீட்டர் உயர மேட்டின் மேல் 30 மீட்டர் கோபுரம் போட்டால் சுற்றியுள்ள வயல்களிலிருந்து பார்க்க 50 மீட்டர். விதியும் மீறவில்லை.

3. எண்களைப் போட்டுப் பாருங்கள்

இதைத் தவிர்க்கிறவர்கள் அதிகம். ஒரு மணி நேர வேலை, அவசியம் செய்யுங்கள்.

50 வாட் டிரான்ஸ்மிட்டரிலிருந்து தொடங்குவோம். 40 மீட்டர் நீளத்துக்கு அரை அங்குல ஃபோம் கேபிள் போட்டால் ஏறக்குறைய 1 டெசிபெல் போகும் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் அலகு இது, 3 குறைந்தால் திறன் பாதியாகும்). மேலே சேர்வது 40 வாட். செலவு குறைக்க ஆர்ஜி-213 என்ற மலிவான கேபிள் போட்டால் கிட்டத்தட்ட பாதி கேபிளிலேயே சூடாகிப் போய்விடும். ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு அடுக்கு வைத்த வட்டமுனைவு ஆன்டெனா (அலையைச் சுழலும் வாக்கில் அனுப்புவது) அந்த 40 வாட்டை ஏறத்தாழ 80 வாட் பயனுறு திறனாக்கும். இரண்டடுக்கு என்றால் 40 வாட் அப்படியே இருக்கும். கட்டடத்திலிருந்து எட்ட கோபுரம் வைத்தால் கேபிள் நீளும், வாட் குறையும். இடத் தேர்வில் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, கேட்பவர் இடத்தில் எவ்வளவு சிக்னல் வேண்டும்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி கிராமப்புறத்தில் ஸ்டீரியோவுக்கு (இரு தட ஒலி) மீட்டருக்கு 54 டெசிபெல்-மைக்ரோவோல்ட், மோனோவுக்கு (ஒரே தட ஒலி) 48. இது சிக்னலின் வலிமையை அளக்கும் அலகு, கீழே சுருக்கமாக டெசிபெல் என்கிறேன். நகர்ப்புறத்தில் 66, 60. இவை 10 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆன்டெனாவுக்கான அளவுகள். பேச்சு நிகழ்ச்சிகளே அதிகம் என்றால் மோனோவில் ஒலிபரப்புங்கள். ஆறு டெசிபெல் சும்மா கிடைக்கிறது, அது நான்கு மடங்கு திறனுக்குச் சமம்.

100 வாட் பயனுறு திறன், நடுவில் எதுவுமே இல்லாத வெளி என்றால் 10 கிலோமீட்டரில் 77 டெசிபெல் கிடைக்க வேண்டும். தரை அப்படி விடாது. தரையில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலையோடு சேர்ந்து அதைக் கழித்துவிடும். சமவெளியில் 30 மீட்டர் உயர ஆன்டெனாவுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் அதே 10 கிலோமீட்டரில் சுமார் 58தான் வருகிறது. 15 மீட்டர் என்றால் 52. அதாவது 30 மீட்டரில் ஸ்டீரியோ தேறும், 15 மீட்டரில் தேறாது.

உயரத்தை இரட்டிப்பாக்கினால் சமவெளியில் 6 டெசிபெல் கூடும், திறனை இரட்டிப்பாக்கினால் 3தான். காசு குறைவாக இருக்கும்போது முதலில் உயரத்தில் போடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆன்டெனாவின் உச்சியை உயரமாக எடுத்துக் கணக்குப் போடுவதும் வழக்கமான பிழை. 90.4 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3.3 மீட்டர். முழு அலைநீள இடைவெளியில் நான்கு அடுக்கு வைத்தால் கோபுரத்தின் மேற்பகுதியில் 10 மீட்டரை அதுவே எடுத்துக்கொள்ளும். உச்சி 30 என்றால் நடுப்புள்ளி 25. அந்த 25ஐத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

4. மேசையிலேயே நான்கைந்து இடங்கள்

இப்போது வரைபடத்தைத் திறங்கள். ‘நமக்குக் கிடைக்கக்கூடிய இடம்’ என்ற நினைப்பைச் சற்று ஒதுக்கிவிட்டு, ‘கட்டாயம்’ என்று குறித்த ஊர்களின் நடுவில் இருக்கும் மேடான இடங்கள் எவை என்று மட்டும் பாருங்கள். நான்கைந்து கிடைக்கும். இலவசமாகத் தருவதாகச் சொன்ன நிலத்தையும் இதே வரிசையில் ஒன்றாகச் சேருங்கள், முதல் இடத்தில் அல்ல.

கூகுள் எர்த்தில் ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒவ்வொரு ஊருக்கும் கோடு போட்டு உயர வெட்டுத் தோற்றத்தை எடுங்கள். கோடு எங்கே மலையில் முட்டுகிறது என்று தெரிந்துவிடும். எங்கே முட்டுகிறது என்பதும் முக்கியம். 10 கிலோமீட்டர் பாதையின் சரிபாதியில் ஒரு கரடு பார்வைக் கோட்டுக்கு மேல் 50 மீட்டர் எழும்பி நிற்கிறது என்று வையுங்கள். 12 டெசிபெல் அளவுக்குப் போகும். அதே கரடு ஊருக்கு அரை கிலோமீட்டர் முன்னால் நின்றால் 18 டெசிபெல் போகும். வந்து சேர்வது ஏறக்குறைய 60-ல் ஒரு பங்கு. மலை மடியில் ஒட்டிக் கிடக்கும் ஊர்கள் ஊமையாகிப் போவது இப்படித்தான். அப்படி ஒரு ஊர் உங்கள் ‘கட்டாயம்’ பட்டியலில் இருந்தால், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இடங்களை இப்போதே அடித்துவிடலாம்.

அப்புறம் ரேடியோ மொபைலில் இதே இடங்களுக்குப் பரவல் வரைபடம் போடுங்கள். வண்ண வண்ணமாக வரும் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அதற்கு அடியில் இருப்பது பெரும்பாலும் 2000-ம் ஆண்டு விண்கல ரேடார் எடுத்த நில உயரத் தரவு. 30 மீட்டர் கட்டங்களாக இருப்பதால் குறுகிய பாறை முகடு அதில் மழுங்கிப் போயிருக்கும். அதற்குப் பிறகு குவாரி தின்று முடித்த குன்றுகள் படத்தில் இன்னும் நிற்கும், புதிதாக எழும்பிய அடுக்குமாடிகள் இருக்காது. அடர்ந்த தோப்பின் தலை சில இடங்களில் தரையாகவே பதிவாகியிருக்கும். இடங்களை ஒன்றோடொன்று ஒப்பிட இந்தப் படம் போதும். ‘இந்தத் தெருவில் கேட்கும், அந்தத் தெருவில் கேட்காது’ என்று சொல்லப் போதாது.

இந்தக் கட்டத்தில் மூன்று இடங்களாகக் குறைத்துவிடுங்கள்.

5. நேரில் போய்ப் பார்ப்பது

உரிமம் இல்லாமல் ஒரு நிமிடம்கூடச் சோதனை ஒலிபரப்பு செய்யக் கூடாது. ‘சின்ன டிரான்ஸ்மிட்டர் வைத்துப் பார்த்துவிடலாமே’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது குற்றம். அதனால் கண்ணைத்தான் நம்ப வேண்டும். எஃப்எம் அலை ஓரளவு கண்பார்வை போகும் வழியில்தான் போகிறது என்பது நமக்கு வசதி.

சமவெளியில் எனக்குப் பிடித்த வழி, பஞ்சாயத்தின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. உத்தேச இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தால், தலைவரிடம் அனுமதி வாங்கி, ஏறிப் பழகிய தொட்டி ஆபரேட்டரோடு ஏறுங்கள். காலை வெயில் ஏறுவதற்கு முன் போனால் காற்று தெளிவாக இருக்கும். வடக்கிலிருந்து தொடங்கி ஒவ்வொரு ஊரின் திசைக்கும் காம்பஸை வைத்து, பைனாகுலரில் அந்த ஊரின் தொட்டியையோ கோயில் கோபுரத்தையோ செல்போன் டவரையோ தேடுங்கள். நோட்டில் ஊர்ப் பெயருக்கு எதிரே எழுதுங்கள்: ‘தொட்டி முழுசாகத் தெரிகிறது’, ‘மேல் விளிம்பு மட்டும்’, ‘தெரியவில்லை, தென்னந்தோப்பு’, ‘தெரியவில்லை, கரடு’. கடைசி இரண்டும் ஒன்றல்ல. தென்னை 20 மீட்டரைத் தாண்டி வளரும், ஆனாலும் எஃப்எம் அலை தோப்பைக் கொஞ்சம் இழப்போடு கடந்துவிடும். கரட்டை ஊடுருவிப் போகாது. ‘மறைக்கிறது’ என்று மட்டும் எழுதிவிட்டு வந்தால் திரும்ப ஒருமுறை ஏற வேண்டியிருக்கும்.

தொட்டி இல்லாத இடத்தில் வேலையைத் திருப்பிப் போடுங்கள். உத்தேச இடத்துக்கு அருகே இருக்கும் உயரமான எதையாவது அடையாளம் வைத்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய் அங்கிருந்து அது தெரிகிறதா என்று பாருங்கள். தெருவில் நின்று தெரியாவிட்டால் ஒரு மாடி வீட்டில் ஏறிப் பாருங்கள். இதற்கு நேரம் பிடிக்கும். ஆனால் ஊர்க்காரர்களிடம் பேசவும் இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

தரையில் நின்று பார்க்க வேண்டியவை வேறு. மின்வாரியத்தின் உயரழுத்தக் கம்பி எவ்வளவு தூரத்தில் போகிறது? கோபுரம் சாய்ந்தால் அதன் உயரத்துக்குச் சமமான தூரம் வரை விழும் என்று வைத்துக்கொண்டு, அந்த வட்டத்துக்குள் கம்பியோ வீடோ இருந்தால் இடத்தைத் தள்ளுங்கள். கோபுரத் துண்டுகள் ஏற்றிய லாரி திரும்புமா? மழைக்காலத்தில் அந்த வண்டிப்பாதை எப்படி இருக்கும்? கோடையில் போய்ப் பார்த்துவிட்டு ஐப்பசியில் சேற்றில் மாட்டிக்கொள்ளும் குழுக்கள் நிறைய. பாதையை அங்கே ஆடு மேய்ப்பவரிடம் கேளுங்கள், நிலத்தின் சொந்தக்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள்.

6. அந்த அலைவரிசையில் ஏற்கெனவே யார்?

எந்த அலைவரிசை கிடைக்கும் என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் திட்டமிடல் பிரிவுதான் முடிவு செய்யும். ஆனாலும் 90.4, 107.8 மாதிரி சமுதாய வானொலிகள் வழக்கமாக வாங்கும் அலைவரிசைகளில் உங்கள் பகுதியில் என்ன கேட்கிறது என்று காரில் சுற்றிக்கொண்டே கவனியுங்கள். பக்கத்து மாவட்டக் கல்லூரி வானொலி உங்கள் எல்லை ஊரில் தெளிவாகக் கேட்கிறதென்றால், அந்தப் பக்கம் சாய்ந்த இடம் வேண்டாம்.

இரைச்சலைச் சோதிக்கிறேன் என்று பலர் கோபுரம் வரப்போகும் இடத்தில் ரேடியோவைத் திருகிக்கொண்டு நிற்பார்கள். அதனால் பயனில்லை. இரைச்சல் கெடுப்பது கேட்பவரின் ரேடியோவை. விசைத்தறிக் கூடத்துக்குள், வெல்டிங் பட்டறைக்குப் பக்கத்தில், மலிவு எல்இடி விளக்கு எரியும் கடையில் நின்று கேளுங்கள். அங்கே கரகரப்பு அதிகம் என்றால் 3-ம் படியில் எடுத்த 54-ஐ மேலே தள்ளிக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

கோபுர இடத்தில் பார்க்க வேண்டியது பக்கத்தில் வேறு டிரான்ஸ்மிட்டர் உண்டா என்பது. இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் அருகருகே இருந்தால் அவற்றின் அலைவரிசைகள் கலந்து மூன்றாவது ஒன்று பிறக்கும். கொடைக்கானலில் இருக்கும் கோடை பண்பலையின் 100.5-ஐ உதாரணத்துக்கு எடுங்கள். அதை இரட்டித்து 90.4-ஐக் கழித்தால் 110.6. விமானங்களுக்கு வழிகாட்டும் கருவிகள் வேலை செய்வது 108 முதல் 118 மெகாஹெர்ட்ஸ் வரை. பெரிய நிலையத்துக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கிறதென்றால் முதலில் இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுப் பாருங்கள், வடிகட்டிச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

7. விமானம், கல்வெட்டு, காடு, கடல்

நான்கையும் ஒரே நாளில் சரிபார்த்துவிடலாம். எந்த ஒன்றும் இடத்தை முழுசாகத் தள்ளக்கூடியது.

விமான நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் என்றால் உயரக் கட்டுப்பாடு பொருந்துமா என்று இந்திய விமான நிலைய ஆணையத்தின் வண்ண மண்டல வரைபடத்தில் பாருங்கள். பயணிகள் நிலையங்களை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. சூலூர், தஞ்சாவூர், தாம்பரம், அரக்கோணம், உச்சிப்புளி ஆகிய இடங்களில் இருப்பவை படைத்தளங்கள். அனுமதி வேறு கையில்.

மதுரையைச் சுற்றியிருக்கும் பல குன்றுகளில் சமணர் படுகைகளும் கல்வெட்டுகளும் உண்டு. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானமே கூடாது, அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி வேண்டும். உயரம் தேடிப் போகும் நமக்குக் கண்ணில் படும் நல்ல குன்று இப்படிப்பட்டதாக இருக்க நிறைய வாய்ப்பு. அந்தச் சின்னங்களை விட்டுவைப்பதுதான் சரியும்கூட.

மலையென்றால் அது காப்புக்காடா என்று வனத்துறையில் கேளுங்கள். கடலோரம் என்றால் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். உப்புக் காற்றும் இருக்கிறது. அங்கே வைக்கும் கோபுரத்துக்குத் துத்தநாகப் பூச்சும் வருடாந்தரப் பராமரிப்பும் மற்ற இடங்களைப் போல இருந்தால் போதாது.

8. மண்ணும் காற்றும்

மிஞ்சியிருக்கும் இரண்டு இடங்களுக்கு மட்டும் இந்தச் செலவு.

கரிசல் மண் ஈரத்தில் ஊதும், கோடையில் வெடிக்கும். ஆழமில்லாத அஸ்திவாரத்தை அது வருடா வருடம் தூக்கி இறக்கும். விருதுநகர், கோவில்பட்டிப் பக்கம் மண் பரிசோதனை இல்லாமல் கோபுரம் போடவே கூடாது. செம்மண் நல்லது. பாறை என்றால் அஸ்திவாரம் உறுதி, எர்த்துக்குத்தான் திண்டாட்டம்.

இந்தியத் தரநிலை 875-ன் மூன்றாம் பாகம் ஊருக்கு ஊர் அடிப்படைக் காற்று வேகத்தைத் தருகிறது. சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், மதுரைக்கும் கோவைக்கும் 39. காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் சென்னையில் கோபுரம் தாங்க வேண்டிய அழுத்தம் மதுரையைவிட ஏறத்தாழ 64 சதவீதம் அதிகம். மதுரையில் நிற்கும் கோபுரத்தின் வரைபடத்தை வாங்கி அப்படியே கடலூரில் கட்டுவது ஆபத்து. வரைபடத்தின் ஓரத்தில் எந்தக் காற்று வேகத்துக்கு வடிவமைத்தது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாத வரைபடத்தை ஏற்காதீர்கள்.

ஸ்டே கம்பிக் கோபுரம் (சுற்றிலும் இழுத்துக் கட்டிய கம்பிகள் தாங்கும் கோபுரம்) மலிவு, ஆனால் நிலம் கேட்கும். 30 மீட்டர் கம்பத்துக்கு அடியிலிருந்து 20 மீட்டர் தூரத்தில் மூன்று திசையில் நங்கூரம் வேண்டும். ‘ஒரு நங்கூரம் மட்டும் பக்கத்து வயலில், அவர் நம்ம ஆள்தான்’ என்ற ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர் நல்லவராகவே இருப்பார். நிலம் கைமாறும், டிராக்டர் ஓட்டுபவர் மாறுவார். இடம் குறுகலென்றால் தானே நிற்கும் கோபுரத்துக்குப் போங்கள்.

மொட்டை மாடியில் வைப்பதென்றால் பாரம் தூண்களின் மேல் இறங்க வேண்டும், தளத்தின் நடுவில் அல்ல. கட்டடப் பொறியாளரின் உறுதிச் சான்று இல்லாமல் இந்த வழியைத் தொடவேண்டாம்.

9. இடி

வெட்டவெளியில் உயரமாக நிற்பதை மின்னல் தேடி வரும். எர்த் எதிர்ப்பை மழைக்குப் பிறகு அளந்தால் எந்த இடமும் நன்றாகத்தான் காட்டும். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்திருக்கும்போது அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் வந்தால் நல்லது. பாறைத் தரையில் அது வருவதற்கு எவ்வளவு குழி, எவ்வளவு தாமிரப் பட்டை ஆகும் என்று இப்போதே விலை கேளுங்கள்.

கோபுரத்துக்கு ஒரு எர்த், கட்டடத்துக்கு ஒரு எர்த் என்று தனித்தனியாக விட்டுவிடுவது மிகப் பரவலான தவறு. இடி விழும் கணத்தில் இரண்டுக்கும் நடுவே பெரிய மின்னழுத்த வித்தியாசம் எழும். அது ஆன்டெனா கேபிள் வழியாக டிரான்ஸ்மிட்டருக்குள்ளும் மிக்சருக்குள்ளும் புகும். எல்லா எர்த்தையும் தரைக்கடியில் ஒன்றாக இணைக்க வேண்டும். அதனால் ஸ்டூடியோவும் கோபுரமும் ஒரே வளாகத்தில் வரும் இடத்துக்குக் கூடுதல் மதிப்பெண். ஸ்டூடியோவிலிருந்து கோபுரத்துக்குத் தனி இணைப்பு தேவையில்லை என்பதும் அதில் சேரும்.

10. பத்திரம், பாதை, கரண்ட்

பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் வாங்கிச் சர்வே எண்ணைக் களத்தில் இருக்கும் கல்லோடு ஒப்பிடுங்கள். ஏரி உள்வாய், ஓடை, ஊருணி எதுவானாலும் நீர்நிலைப் புறம்போக்கு வேண்டவே வேண்டாம். யார் வாய்மொழியாக அனுமதி தந்தாலும் அது ஆக்கிரமிப்புதான். கோயில் நிலமென்றால் அறநிலையத் துறை வழியாகத்தான் குத்தகை.

குத்தகைக் காலம் ஒலிபரப்பு அனுமதியின் காலத்தைவிடக் குறையக் கூடாது. கோபுரத்துக்குப் போகும் பாதையின் உரிமையையும் பத்திரத்தில் எழுத வாங்குங்கள். நிலம் நம் பெயரில், பாதை அடுத்தவர் பெயரில் என்று ஆகிவிட்டால் டீசல் கொண்டுபோகக்கூடக் கெஞ்ச வேண்டும்.

மின்சாரத்துக்கு, அந்த டிரான்ஸ்ஃபார்மரில் மாலை ஏழு மணிக்கு வோல்டேஜ் எவ்வளவு இருக்கிறது என்று மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். விவசாய மோட்டார்கள் ஓடும் நேரத்திலும் பாருங்கள். 50 வாட் டிரான்ஸ்மிட்டர் அதிகம் இழுக்காது, ஒரு நல்ல இன்வெர்ட்டர் தாங்கும். வோல்டேஜ் ஏறி இறங்குவதுதான் அதைக் கெடுக்கும்.

11. பக்கத்து வீட்டாரிடம் நீங்களே முதலில் பேசுங்கள்

கோபுரம் என்றாலே கதிர்வீச்சு பயம் வரும். அது நியாயமான கேள்வி, எண்ணோடு பதில் சொல்லுங்கள். எஃப்எம் அலைவரிசையில் பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு சதுர மீட்டருக்கு 2 வாட். 100 வாட் பயனுறு திறனுக்கு, ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, பிரதிபலிப்பையும் சேர்த்துப் பார்த்தாலும் நாலைந்து மீட்டர் தாண்டினால் அந்த அளவுக்குக் கீழே வந்துவிடுகிறது. வரம்பைப் பத்தில் ஒரு பங்காக இறுக்கினாலும் 13 மீட்டர்தான். தரையிலிருந்து குறைந்தது 15 மீட்டர் உயரம் என்ற விதியும் இதற்காகவே.

மாடியில் வைக்கும் ஆன்டெனாவுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஏறுபவர் எவ்வளவு கிட்ட வருகிறார், எதிர்வீட்டு மூன்றாம் மாடி எந்த மட்டத்தில் இருக்கிறது என்று டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். முழு அலைநீள இடைவெளி ஆன்டெனா நேர் கீழேயும் கணிசமாக அனுப்பும். மாடிக்கு அரை அலைநீள இடைவெளி வாங்குவது நல்லது.

அஸ்திவாரக் குழி தோண்டிய பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதற்கு முன்பே வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள்.

12. முடிவும் மனுவும்

மிஞ்சிய இரண்டு இடங்களையும் ஒரே தாளில் எதிரெதிரே எழுதுங்கள். ‘கட்டாயம்’ ஊர்களில் எத்தனை தேறுகின்றன என்பதுதான் முதல் வரி. செலவும் பத்திரமும் அதற்குக் கீழே. இலவச நிலம் இரண்டு கட்டாய ஊர்களை இழக்கச் செய்கிறதென்றால், வாடகை கொடுத்தாவது மற்ற இடத்துக்குப் போங்கள். அந்த ஊர்களுக்காகத்தான் இந்த வானொலியே.

இடம் முடிவானதும் கோபுரத்தின் மையம் வரும் புள்ளியில் முளை அடித்து, அங்கேயே நின்று ஆயத்தொலைகளை எடுங்கள். நிலத்தின் வாசலில் அல்ல. மனுவில் பாகை, நிமிடம், நொடி கேட்கிறார்களா, தசமத்தில் கேட்கிறார்களா என்று இரண்டு முறை படியுங்கள். 10 பாகை 30 நிமிடம் என்பது தசமத்தில் 10.50. அதை 10.30 என்று நிரப்பினால் கோபுரம் காகிதத்தில் 22 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். கோபுர இடத்துக்கு ஒப்புதல் தரும் மத்திய அரசுக் குழுவான சாக்ஃபாவின் ஆய்வு அந்தத் தவறான புள்ளிக்கு நடந்து, அனுமதியும் அதற்கே வரும்.

கடல் மட்டத்திலிருந்து தரையின் உயரம், தரையிலிருந்து ஆன்டெனாவின் உயரம் இரண்டும் தனித்தனிக் கட்டங்கள். கூட்டி எழுதாதீர்கள். தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளத்தில் மனு போட்ட நாளே அதன் நகலை, முளையின் நான்கு பக்கப் படங்களோடு ஒரு கோப்பில் வையுங்கள். அனுமதி வரும் வரை முளையை யாரும் நகர்த்தாமல் சுற்றிக் கல் பதித்துவிடுங்கள். கொத்தனார் வசதிக்காகப் பத்தடி தள்ளித் தோண்டிவிட்டால், அளக்க வருபவரிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.